கூப்பிடாத உபதேசியார்

வழியில் கண்டால் "என்னாங்க, சொகமா?" என்று கேட்பார். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஒருவரைக் கொண்டுபோக வேண்டுமென்றால், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடு என்று பார்க்காமல் திரீவீலில் கூடவே ஏறிக்கொள்வார். ஆனால் "சேர்ச்சுக்கு வாங்க" என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். இத்தனைக்கும் அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து உபதேசியார். ஆள் சேர்க்காத உபதேசியாரை வேறு எங்கேயும் நான் கண்டதில்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

டயகமவுக்கு மேலே, பஸ் போகாத கடைசி டிவிசனில் தகரம் போட்ட சின்னச் சேர்ச் எங்களுடையது. மாதத்தில் ஒரு ஞாயிறு டவுனிலிருந்து போதகர் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, பிரசங்கம் பண்ணுவது, பெருக்குவது, கூரை ஒழுகினால் ஏறி அடைப்பது எல்லாம் இவர்தான். முன்பு தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். மெலிந்த உடம்பு. யாரோ ஒரு போதகர் விட்டுப்போன கறுப்புக் கோட்டை மழையிலும் வெயிலிலும் போட்டிருப்பார். அதன் கை இவருடைய விரல் நுனிவரை வரும். நடையிலேயே ஒரு அசதி. பிரசங்க மேசைக்குப் பின்னால் வந்து நின்றதும் நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் "ஜெபிப்போம்". சின்ன வயதில் நாங்கள் அந்தப் பெருமூச்சும் ஆராதனை முறையில் உள்ளதுதான் என்று நினைத்திருந்தோம். லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் சேர்ச் விளையாட்டு விளையாடும்போதுகூட உபதேசியாராக நிற்பவன் முதலில் பெருமூச்சுதான் விடுவான்.

நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த காலத்தில் கீழ் லயத்தில் புதிதாக ஒரு ஜெபக்கூட்டம் வந்தது. ஸ்பீக்கர், கீபோர்ட், கைதட்டல். எங்கள் சேர்ச்சில் உட்காரும் வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எனக்கோ உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரை மறித்துக்கொண்டேன்.

"ஐயா, நாமளும் வீடு வீடா போவோம். நோட்டீஸ் நான் அடிச்சித் தாரேன்."

"போவோமே. போயி?"

"கூப்பிடுவோம்."

"அது நம்ம வேல இல்லியே பாப்பா."

"அப்ப யாரு வேல?"

பிடரியைத் தடவிக்கொண்டார். எந்தக் கேள்விக்கும் அவர் கை முதலில் அங்கேதான் போகும். "கூப்பிடுறவரு கூப்பிட்டா, கட்டி வச்சாலும் அவுத்துக்கிட்டு வருவாங்க. அவரு கூப்பிடாதவங்கள நீயும் நானும் இழுத்துட்டு வந்து வாங்குல உக்கார வச்சி என்னா செய்ய?"

இதுதான் அவருடைய முழு வேதமும். உலகம் உண்டாவதற்கு முன்பே ஆண்டவர் தமக்கானவர்களைத் தெரிந்துகொண்டுவிட்டார். அவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள் என்று பார்த்தும் இல்லை, விசுவாசிப்பார்கள் என்று கணக்குப் போட்டும் இல்லை. அவருக்கு இஷ்டம், எடுத்தார், அவ்வளவுதான். மற்றக் கிறிஸ்தவர்கள் தெரிந்துகொள்ளுதல் என்கிற இந்த உபதேசத்தை ஞாயிறு பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாகப் படித்துவிட்டு மறந்துபோவார்கள். இவர் அதற்குள்ளேயே காம்பரா எடுத்துக் குடியிருந்தார்.

அதை அவர் வேதப்பாடத்தில் சொன்ன ஒரு நாள், கொழுந்து மலையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருந்த ஒரு அக்கா இடையில் வாயைக் கொடுத்தார்.

"அங்கயும் பெரட்டுதானாங்கய்யா? காலையில வரிசையா நிக்க வச்சி, நீ மலைக்குப் போ, நீ வீட்டுக்குப் போன்னு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"பெரட்டுல கங்காணி என்னத்தப் பார்த்து ஆள் எடுக்கிறாரு?"

"கை வேகத்தப் பார்ப்பாரு. கொஞ்சம் மூஞ்சியையும் பார்ப்பாரு."

"இவரு ரெண்டையும் பார்க்கிறதில்ல தாயி. அதுனாலதான் எனக்கே ஒரு எடம் கெடச்சிச்சி. பார்த்து எடுத்திருந்தாருன்னா நான் கேட்டுக்கு வெளியதான் நின்னிருப்பேன்."

அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது. தகுதி பார்த்தே மனிதரைத் தரம் பிரிக்கிற ஒரு தோட்டத்தில், தகுதி பார்க்காத ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் எனக்கு அதோடு விட முடியாதே. "அப்ப எடுக்காம விட்டவங்க?" என்று கேட்டேன். அவர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். "மழை வரப்போகுது. கெளம்புங்க எல்லாரும்" என்றார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. தோட்டம் முழுக்கத் தெரிந்த முகம், அவருடைய மனைவி.

நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். நோர்வூட் பக்கத்துப் பெண். கொழுந்தெடுக்கிறவர். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் விளக்குப் போடுவார். அதே கையால் சனிக்கிழமை எங்கள் சேர்ச் மேசை விரிப்பைத் துவைத்து, நீலம் போட்டு, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பார். ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்துக்குக் கேத்தல் நிறையத் தேத்தண்ணியோடு வந்து வாசலில் நிற்பார். முடிகிற நேரம் என்பது பேச்சுக்குத்தான்; உண்மையில் பாதிப் பிரசங்கத்திலேயே வந்துவிடுவார். கூரைத் தண்ணீர் தோளில் சொட்டச் சொட்ட நின்று முழுக்கக் கேட்பார். "உள்ள வாங்க பெரியம்மா" என்று நாங்கள் கூப்பிட்டால், "இருக்கட்டும்டி, காலெல்லாம் சேறு" என்று சிரிப்பார். மேசைக்குப் பின்னால் நிற்கிறவரின் கண் அந்த வாசல் பக்கம் வரவே வராது. நான் கவனித்திருக்கிறேன். வலது பக்கச் சுவர், இடது பக்கச் சுவர், கூரை. வாசலை மட்டும் தாண்டிப் போய்விடும்.

வருடப் பிறப்பன்று எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று. அதில் உள்ள வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்கு. கடையில் விற்கிற அட்டைகளில் ஆசீர்வாதமும் சமாதானமும் தவிர வேறொன்றும் இருக்காது. எங்கள் சபைக்கு இவரே கையால் எழுதுவார். ஒரு வருடம் என்ன நினைத்தாரோ, ஆசீர்வாத வசனங்களுக்கு நடுவே கடினமானவற்றையும் எழுதி வைத்துவிட்டார். கமிட்டியில் இருந்த ஒரு பெரிய மனிதர் புது வேட்டி சரசரக்க வந்து ஒன்றை எடுத்தார். பழம் தராத மரத்தை வெட்டிப் போடச் சொல்கிற வசனம்.

"என்னாங்க இது? வருசம் பொறக்கிற நாள்ல?"

"ஒங்களுக்கு வந்ததுங்க."

"நான் வேற ஒன்னு எடுத்துக்கிறேன்."

"அத எடுத்தா அது நீங்க எடுத்ததா இருக்கும். இதுதான் ஒங்களுக்குக் குடுத்தது."

"குடுத்தது அவரா, நீங்களா? எழுதினது நீங்கதானே!"

சபையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இவருக்குச் சிரிப்பு வரவில்லை; ரொம்பப் பரிதாபமாக அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அட்டையை மேசையில் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறே குடும்பத்தோடு கீழ் லயத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தட்டை நான்தான் சுற்றிக் கொண்டுபோனேன். வாசலில் கேத்தலோடு நின்ற பெரியம்மாவிடமும் நீட்டினேன். அவர் கேத்தலைக் கீழே வைத்து, கையைச் சேலையில் துடைத்து, நீட்டினார். நீட்டியவர் அப்படியே நிறுத்தி, உள்ளே மேசைப் பக்கம் பார்த்தார். உபதேசியார் குனிந்து விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாகத்தான் கிடந்தது அது. பெரியம்மா கையை எடுத்துக்கொண்டார். "தேத்தண்ணி ஆறுது, குடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கம்பஸுக்குப் போன இரண்டாம் வருடம் பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டார்கள். கண்டிக்குப் போனார்கள், வந்தார்கள், போனார்கள். ஒரு கட்டத்தில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். லீவில் நான் வந்தபோது கம்பளிக்குள்ளே ஆளே இல்லாத மாதிரி கிடந்தார்.

சபை பதறியது. பதற ஒரு காரணமும் இருந்தது. ஞானஸ்நானம் பெறாதவரை எங்கள் சவக்காலையில் அடக்கம் பண்ண முடியாது. உபதேசியாருக்கு ஒரு இடம், அவர் மனைவிக்கு வேறொரு இடம் என்றாகிவிடும். போதகர் டவுனிலிருந்து இதற்கென்றே வந்தார்.

"நான் நாளைக்கே தண்ணியோட வாறேன் ஐயா. நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க, போதும்."

"வர இருந்தா வருவா."

"அவங்களுக்கு நாள் இல்லீங்க."

"அது அவருக்கும் தெரியுமே" என்றார் இவர், மேலே பார்க்காமல்.

கமிட்டிச் செயலாளர் வெளியே வந்து எங்களிடம் பொரிந்து தள்ளினார். "ஊருக்கெல்லாம் ஓடுற மனுசன், சொந்தப் பொஞ்சாதியக் கேக்க வாய் வரலியே! கல்லுங்க அது, கல்லு." எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்பா அது, பிடிவாதமா? ஒரு உபதேசத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு கொடூரமாக இருக்க முடியுமா? படித்ததெல்லாம் தலைக்குள் சுழன்றது. எவ்வளவு சுழன்றும் ஒன்றுக்கும் உதவவில்லை.

ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். உபதேசியார் வீட்டில் இல்லை. இரண்டு கரண்டி குடித்ததும் போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டார் பெரியம்மா. என் வாய் சும்மா இருக்குமா?

"பெரியம்மா, நீங்க ஏன் ஞானஸ்நானம் எடுக்கல?"

"யாரு கேட்டா?"

"எல்லாருந்தானே கேட்டாங்க. போதகர் வந்தாரு, கமிட்டியில வந்தாங்க."

"எல்லாரும் கேட்டாங்க. அவரு கேட்டாரா?"

கரண்டியைக் கஞ்சிக்குள்ளேயே போட்டேன்.

"கல்யாணத்துக்கும் அவரு கேக்கல பாப்பா. திருவிழாவுக்கு வந்த எடத்துல பார்த்தேன். பொறகு நான்தான் துணி மூட்டையத் தூக்கிக்கிட்டு இந்த லயத்து வாசல்ல வந்து நின்னேன். சரி, கூச்ச சுபாவம்னு நெனச்சேன். அப்புறம் நாயித்துக்கெழம தவறாம அந்தச் சேர்ச்சு வாசல்ல நிக்கிறேன். திரும்பிப் பார்த்து, உள்ள வாடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பேன். மாரியாத்தா கோவிச்சுக்குவாளேன்னுகூடப் பயந்திருக்க மாட்டேன். சொல்லல. அந்த மனுசனுக்கு நான் அங்க வேணாம் போலன்னு விட்டுட்டேன்."

அழுகையே இல்லை. கூடை நிறையாத நாளில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பேசுகிற குரல் அது. சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

உபதேசியார் பைப்படிக்குப் பக்கத்துச் சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. பைப்பை மூடிவிட்டு, கேட்டதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். கை பிடரிக்குப் போகவில்லை.

"அப்படியா சொன்னா?"

"ஆமாங்கய்யா."

"அவளுக்காக நான் ஜெபம் பண்ணாத நாளே கெடையாது."

"அது அவங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

எதிர் மலையில் பனி இறங்கி, லயங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது.

"கேட்டு, வேணாம்னு சொல்லிட்டா?" என்றார் கடைசியில். "அப்ப அவ எடுக்கப்படாதவன்னு எனக்குத் தெரிஞ்சு போயிருமே பாப்பா. அதத் தெரிஞ்சிக்கிட்டு எப்படி அவ ஆக்கிப் போட்டதத் திங்கிறது, எப்படிப் பக்கத்துல படுக்கிறது? கேக்காம இருந்தா தெரியாமலே இருக்கும்ல. அப்படியே ஓட்டிட்டேன்."

இத்தனை காலம் அவரைக் கல் என்று நினைத்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

எழுந்தார். வாளியைத் தூக்கப் போனேன், விடவில்லை. அவரே தூக்கிக்கொண்டு போனார். நான் இஸ்தோப்புத் திண்ணையிலேயே நின்றுவிட்டேன். காம்பராக் கதவு திறந்துதான் கிடந்தது.

"இந்தா... முழிச்சிருக்கியா?"

"ம்."

"என்கூட வர்றியா?"

"எங்க?"

"சேர்ச்சுக்கு."

பிறகு பெரியம்மா சிரிக்கிற சத்தம், சிரிப்புக்குப் பின்னாலேயே இருமல்.

"இந்தக் கால வச்சிக்கிட்டா?"

"தூக்கிட்டுப் போறேன்."

"ஒங்களாலயா? ஒரு வாளி தண்ணியத் தூக்கிட்டு வந்து இந்த மூச்சு வாங்குது."

"வர்றியா?" மறுபடியும் கேட்டார்.

"கேட்டுட்டீங்கல்ல. போதுங்க."

"போதகரக் கூப்பிடட்டுமா?"

"வேணாம். இனிப் புதுசா ஒன்னும் வேணாம். ரொம்ப அசதியா இருக்கு. நீங்க எங்கயும் போகாம இங்கனயே உக்காருங்க."

உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்து அவர் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக்கூட வரவில்லை, செயலாளர்தான் நடத்தினார். அந்த வாரத்திலேயே பெரியம்மா போய்விட்டார்.

தப்பு அடித்து, தேர் கட்டி, தோட்டத்துப் பொது மயானத்தில் மாரியம்மன் கோயில்காரர்கள் அடக்கம் பண்ணினார்கள். எங்கள் சபையாரில் சிலர் வந்தார்கள், சிலர் ரோட்டிலேயே நின்றுகொண்டார்கள். உபதேசியார் கறுப்புக் கோட்டோடு வெறுங்காலில் தப்புக்காரர்களுக்குப் பின்னால் நடந்தார். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. ஒரு பிடி மண் போட்டார்.

கம்பஸுக்குத் திரும்பும் முன் அவரிடம் போனேன். கேட்காமல் போக முடியவில்லை. "ஐயா, அப்ப பெரியம்மா?"

"தெரியல பாப்பா."

"அவங்க வேணாம்னு சொன்னாங்கதானே?"

"போதும்னுதான் சொன்னா. வேணாம்னது போதகரை. ரெண்டும் ஒன்னா வேறயான்னு நானும் தெனமும் யோசிக்கிறேன்."

"அப்ப அந்தத் தெரிந்துகொள்ளுதல் எல்லாம்?"

"அது அப்படியேதான் இருக்கு. அதுல ஒன்னும் கொறையில்ல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நான் பயந்துகிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தத அவரோட தீர்மானம்னு நெனச்சிக்கிட்டேன். அதுதான் என் தப்பு. அவரு பேசுறதுக்கு என் வாயத்தான் வச்சிருந்தாரோ என்னமோ."

அதற்குப் பிறகும் அவர் அதே உபதேசத்தைத்தான் பிரசங்கித்தார் என்று வீட்டில் சொன்னார்கள். கூட்டம் கூடவும் இல்லை. முன்னைவிட அதிகமாகத் தளர்ந்துபோனார் என்றும், பிரசங்கத்துக்கு நடுவே சில நேரம் மறந்துபோய் அப்படியே நின்றுவிடுகிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் மஸ்கெலியாவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஹட்டனுக்கு வந்து, பஸ் மாறி, மிச்ச வழியைத் திரீவீலில் வந்து சேர்வதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஓடிப்போய்ப் பின்னால் சேர்ந்துகொண்டேன். முச்சந்தியில் மேலே ஏறினால் எங்கள் சவக்காலை. ஊர்வலம் கீழே இறங்கியது. செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். போதகர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

பொது மயானத்தில், பெரியம்மாவின் மேட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தது. மாரியம்மன் கோயில் தலைவர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்படிங்க இது? மேல சபையில அவருக்கு எடம் இருந்துச்சே?"

"இருந்துச்சாம். அதச் சொல்லித்தான் நாங்களும் கேட்டோம்." தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன திருவிழா முடிஞ்ச கையோட எங்க கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தாரு பாப்பா. அவ பக்கத்துல எனக்கு ஒரு எடம் தருவீங்களான்னாரு. ஒங்க ஆளுங்க சம்மதிப்பாங்களா, ஒங்க சாமி தேடாதான்னேன். தெரிஞ்செடுத்தவருக்கு நான் எங்க கெடந்தாலும் தெரியும், நீங்க சரின்னு சொன்னா போதும்னாரு. இந்தத் தோட்டத்துல யாருகிட்டயும் ஒன்னு கேட்டறியாத மனுசன். கேட்டுட்டு, என்னா சொல்லப்போறோமோன்னு எங்க மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த சூலங்களையும் மஞ்சள் துணிகளையும் பார்த்தபடி தயங்கி நின்றார். தப்புக்காரர்கள் தப்பைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

தலைவர் குடையை மடக்கினார்.

"சொல்லுங்கய்யா ஒங்க ஜெபத்த" என்றார். "நாங்க நிக்கிறோம்."